ஜிபிஎஸ் பெட்டிக்கு உங்களைத் தெரியும், ரோட்டைத் தெரியாது

"போன்லயே மேப் இருக்கே, தனியா எதுக்குங்க இந்தப் பெட்டி?"

நம்ம கார்ல ஏறி உட்கார்றவங்கள்ல பாதிப் பேர் கேக்கற முதல் கேள்வி இதுதான். கண்ணாடியில ஒட்டியிருக்கிற அஞ்சு இஞ்ச் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துட்டு, வீட்ல இன்னும் கேசட் பிளேயர் வச்சிருக்கிறவனைப் பார்க்கற மாதிரி ஒரு பார்வை. மலையேறப் போகும்போது பையில தொங்குற மஞ்சள் கலர் கைப்பெட்டியைப் பார்த்தா கேக்கவே வேணாம். மியூசியத்துக்குக் குடுத்துடுங்கன்னு ஒரு நண்பர் சீரியஸாவே அட்வைஸ் பண்ணினார்.

சரி, ஒரு தடவை விளக்கமா சொல்லிடலாம்னுதான் இந்தப் பதிவு. போனா பெட்டியான்னு பட்டிமன்றம் நடத்தப் போறதில்லை. உங்க கையில எது இருந்தாலும் நான் சொல்லப் போற விஷயம் பொருந்தும். என் கட்சி ரொம்பச் சின்னது: இந்தச் சாதனம் சொல்றதுல எதை நம்பணும், எதை சந்தேகப்படணும்னு பிரிச்சுத் தெரிஞ்சுக்காத வரைக்கும் 100 டாலர் பெட்டியும் ஒண்ணுதான், 700 டாலர் பெட்டியும் ஒண்ணுதான். பிரிச்சுத் தெரிஞ்சவனுக்கு கராஜ் சேல்ல 5 டாலருக்கு வாங்கின பழசு கூட உபயோகப்படும்.

நாம எல்லாரும் "ஜிபிஎஸ் சொல்லுச்சு"ன்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம். உண்மையில அந்தப் பெட்டிக்குள்ள மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க.

முதல் ஆள், நீங்க பூமியில எந்தப் புள்ளியில இருக்கீங்கன்னு கண்டுபிடிக்கிறவர். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்திக்கிட்டிருக்கிற அமெரிக்க செயற்கைக்கோள்கள் ஓயாம நேரத்தைச் சொல்லிக்கிட்டே இருக்கு. நாலு செயற்கைக்கோளாவது கண்ணுல பட்டா போதும், சிக்னல் வந்து சேர எடுத்துக்கிட்ட நேரத்தை வச்சுக் கணக்குப் போட்டு, நீங்க இருக்கிற இடத்தையும் உயரத்தையும் பெட்டி சொல்லிடும். பெட்டி எதையும் மேலே அனுப்பறதில்லை, கேக்கறது மட்டும்தான் அதோட வேலை. இந்த ஆளைத் தாராளமா நம்பலாம். 2000 மே மாசம் வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சிக்னலை வேணும்னே கொஞ்சம் கலைச்சு அனுப்பிட்டிருந்தது, நூறு மீட்டர் வரைக்கும் தப்பு வரும். கிளின்டன் உத்தரவுல அதை நிறுத்தினாங்க. நிறுத்தின ஒண்ணு ரெண்டு நாளுக்குள்ளேயே ஓரிகன் மாநிலத்துல ஒருத்தர் காட்டுக்குள்ள ஒரு பக்கெட்டை ஒளிச்சு வச்சு, "கண்டுபிடிங்க பார்ப்போம்"னு இடத்தோட எண்ணை இன்டர்நெட்ல போட்டார். ஜியோகேச்சிங் விளையாட்டு பிறந்த கதை அதுதான். இன்னிக்கு திறந்த வெளியில சாதாரணப் பெட்டியே சில மீட்டர் துல்லியத்துல சொல்லிடுது.

ரெண்டாவது ஆள், மேப். இவர் வானத்துலேர்ந்து வந்தவர் இல்லை. எங்கேயோ ஒரு ஆபீஸ்ல யாரோ வரைஞ்சது. பழைய அரசாங்க வரைபடம், வண்டியில சுத்தி எடுத்த தகவல், மேலேர்ந்து எடுத்த படம்னு பல இடத்துலேர்ந்து சேர்த்தது. சில இடத்துல போன மாசத்து ரோடு வரைக்கும் இருக்கும். சில இடத்துல நூறு வருஷத்துக்கு முன்னாடி சுரங்க வேலைக்குப் போட்ட மாட்டுவண்டிப் பாதை, ஏதோ தார் ரோடு மாதிரி பவ்யமா கோடு போட்டிருக்கும்.

மூணாவது ஆள், வழி சொல்றவர். இவருக்குக் கண்ணே கிடையாது. மேப்ல இருக்கிற கோடுகளையும் நீங்க வச்சிருக்கிற செட்டிங்கையும் எடுத்துக்கிட்டு கணக்குப் போடுவார். அவ்வளவுதான். மேப் தப்புன்னா இவரும் தப்பு. செட்டிங் கோணல்னா இவரும் கோணல்.

பிரச்சனை என்னன்னா, இந்த மூணு பேரும் ஒரே குரல்ல பேசறாங்க. அதே இனிமையான அம்மா, அதே நிதானம். "நீங்க இங்கே இருக்கீங்க"ங்கறதையும் "முன்னூறு அடியில வலது பக்கம் திரும்புங்க"ங்கறதையும் ஒரே உறுதியோட சொல்றாங்க. முதல் ஆளுக்கு நாம குடுக்கிற மரியாதையை மத்த ரெண்டு பேரும் ஓசியில வாங்கிக்கிறாங்க.

இது வெறும் சிரிக்கிற விஷயமா இருந்தா நான் இவ்வளவு நீட்டி முழக்க மாட்டேன். சிரிக்கிற கதைகளும் இருக்கு. 2009ல ஒரு ஸ்வீடன் ஜோடி இத்தாலியில காப்ரித் தீவுக்குப் போறதுக்காக பேரை அடிக்கும்போது ஒரு எழுத்து இடம் மாறி, பல நூறு கிலோமீட்டர் தள்ளி வடக்கே இருக்கிற கார்ப்பிங்கற தொழில் நகரத்துல போய் இறங்கினாங்க. சுற்றுலா அலுவலகத்துக்குப் போய், காப்ரியோட பேர்போன நீலக் குகை எங்கேன்னு கேட்டிருக்காங்க. தீவுக்குப் போறோம், வழியில கடலே வரலையேன்னு தோணலை பாருங்க. 2012ல ஆஸ்திரேலியாவுல ஜப்பான் சுற்றுலாப் பயணிகள் சிலர், ரோடு இருக்குன்னு பெட்டி சொன்னதை நம்பி, தண்ணி வடிஞ்ச நேரத்துல கடலுக்குள்ளயே காரை விட்டாங்க. தீவுக்கும் கரைக்கும் நடுவுல சேத்துல மாட்டி, காரை அங்கேயே விட்டுட்டு நடந்து வந்தாங்க.

ஆனா எல்லாக் கதையும் இப்படி முடியறதில்லை. கலிஃபோர்னியாவுல டெத் வேலி தேசியப் பூங்காவுல ரேஞ்சர்கள் "டெத் பை ஜிபிஎஸ்"னு ஒரு சொல்லே வச்சிருக்காங்க. ஜிபிஎஸ்ஸால சாவு. 1913 ஜூலையில 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான இடம் அது. 2009 ஆகஸ்ட் மாசம் ஒரு அம்மாவும் சின்னப் பையனும் ஜிபிஎஸ்ஸை நம்பி ஆள் நடமாட்டமில்லாத பாதையில போய், மணல்ல டயர் புதைஞ்சு மாட்டிக்கிட்டாங்க. அஞ்சு நாள் கழிச்சு ஆள் வந்து பார்த்தப்போ அம்மா உயிரோட இருந்தாங்க, பையன் இல்லை. அதுக்கப்புறம் பூங்கா ஆட்களே மேப் போடற நிறுவனங்களோட பேசி, இல்லாத பாதைகளை எடுக்கச் சொல்ல வேண்டி வந்தது. 2011ல ஒரு கனடா தம்பதி லாஸ் வேகஸ் போற வழியில, பெட்டி காட்டின குறுக்குப் பாதையில நெவாடா மலைக்குள்ள போய் மாட்டினாங்க. உதவி தேடிப் போன கணவர் திரும்பலை. மனைவியை ஏழு வாரம் கழிச்சு வேட்டைக்காரங்க கண்டுபிடிச்சாங்க. கணவரோட உடல் கிடைச்சது 2012ல.

இந்த ரெண்டு சம்பவத்துலயும் செயற்கைக்கோள் தன் வேலையை ஒழுங்காத்தான் செஞ்சுது. அவங்க எங்கே இருந்தாங்கன்னு பெட்டிக்கு ரொம்பச் சரியாத் தெரியும். அவங்க போன ரோட்டைப் பத்தித்தான் அதுக்கு ஒண்ணும் தெரியாது.

இங்கே எனக்கு எங்க அப்பா ஞாபகம்தான் வருது. முதல் தடவை அமெரிக்கா வந்தப்போ, ரெண்டு நாள் என்கூட கார்ல சுத்திட்டு, "ஏம்ப்பா, இந்த ஊர்ல நிறுத்தி வழி கேக்க ஒரு டீக்கடை கூடவா இல்லை?"ன்னார். அப்போ சிரிச்சேன். பிறகு யோசிச்சுப் பார்த்தா அதுல ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஊர் டீக்கடையில வழி கேட்டா என்ன பதில் வரும்? "நேரா போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்புங்க"ன்னு மட்டும் சொல்ல மாட்டாங்க. "பாலத்து வழியாப் போகாதீங்க, நேத்து மழையில தண்ணி போகுது", "அந்த ரோட்டுல ஜல்லி கொட்டி வச்சிருக்கான், கார் அடி தட்டும்", "இருட்டினப்புறம் அந்தப் பக்கம் வேணாம்"னு சேர்த்துத்தான் சொல்வாங்க. கேட்டது வழி, கிடைச்சது ரோட்டோட இன்னிக்கு நிலவரம். இந்த ரெண்டாவதைச் சொல்றதுக்குத்தான் பெட்டிக்குள்ள ஆள் இல்லை. இப்போ போன்ல டிராஃபிக் நெரிசல் தெரியுது, வாஸ்தவம். ஆனா அது நிறைய போன் போற ரோட்டுக்கு. நாளைக்கு நாலு வண்டி போற மலைப்பாதைக்கு அந்தத் தகவல் எங்கேர்ந்து வரும்?

அதனால என் முதல் சிபாரிசு: டீக்கடையை விடாதீங்க. அமெரிக்காவுல டீக்கடைன்னா பெட்ரோல் பங்க், ரேஞ்சர் ஸ்டேஷன், மாநில ரோடு நிலவரம் சொல்ற 511 மாதிரியான சேவை. உதாரணத்துக்கு யோசெமிட்டிக்கு நடுவுல போற டியோகா ரோட்டை எடுத்துக்கங்க. சுமார் 3,000 மீட்டர் உயரத்துல கணவாயைத் தாண்டுது. வழக்கமா நவம்பர் வாக்குல பனிக்கு மூடினா, மே கடைசியிலயோ ஜூன்லயோதான் திறப்பாங்க. பனி அதிகமான 2023ல ஜூலை பாதி தாண்டித்தான் திறந்தாங்க. சிக்னல் எட்டாத இடத்துல, கண்ணாடியில ஒட்டியிருக்கிற பழைய பெட்டிக்கு இதெல்லாம் தெரியாது. மலைக்குக் கிழக்கே இருக்கிற லீ வைனிங்ல நின்னுக்கிட்டு யோசெமிட்டி வேலிக்கு வழி கேட்டா, ஜனவரியிலயும் "ரெண்டு மணி நேரம்"னு சந்தோஷமாச் சொல்லும். சரி அது வேண்டாம்னா அடுத்த மலைப்பாதையைக் காட்டும், வடக்கே இருக்கிற சோனோரா கணவாய். அதுவும் குளிர்காலத்துல மூடிதான் இருக்கும். சுத்திப் போக அரை நாள் ஆகும். இதைச் சொல்ல ஒரு போன் காலோ ஒரு பெட்ரோல் பங்க்காரரோ போதும்.

இப்போ கையில இருக்கிற பெட்டியிலேர்ந்து முழுப் பலனையும் எடுக்கறது எப்படின்னு பார்ப்போம். முதல்ல கார் பெட்டி.

1) வாங்கின அன்னிக்கு, இல்லேன்னா வாடகைக் கார்ல பெட்டி குடுத்த உடனே, செட்டிங்கைத் திறந்து பாருங்க. "வேகமான வழி"யா "குறைஞ்ச தூர"மான்னு ஒண்ணு இருக்கும். எப்பவும் வேகமான வழியிலேயே வைங்க. குறைஞ்ச தூரம்னு வச்சா, ரெண்டு மைல் மிச்சம் பண்றதுக்காக மண் ரோடு, மலைப்பாதை எல்லாம் காட்டும். அடுத்து "தார் போடாத ரோடு வேண்டாம்"ங்கற கட்டத்தை டிக் பண்ணிடுங்க. ஊருக்கு வெளியே ஓட்டறவங்களுக்கு இந்த ரெண்டு செட்டிங்தான் மத்த எல்லாத்தையும் விட முக்கியம். என் நண்பர் ஒருத்தர் லாஸ் ஏஞ்சலஸ் ஏர்போர்ட்ல வாடகைக் கார் எடுத்துக்கிட்டு சான் டியேகோவுக்குக் கிளம்பினார். முந்தி ஓட்டின புண்ணியவான் "ஹைவே வேண்டாம்"னு வச்சுட்டுப் போயிருக்கார். ஒரு மணி நேரம் ஒவ்வொரு சிக்னலா நின்னு நின்னு போனப்புறம்தான் மனுஷனுக்கு சந்தேகமே வந்துச்சு :-)

2) கிளம்பறதுக்கு முன்னாடி முழு வழியையும் ஒரு தடவை ஜூம் அவுட் பண்ணிப் பாருங்க. பெரும்பாலான பெட்டியில திருப்பங்களோட பட்டியலும் இருக்கும். ரெண்டு நிமிஷ வேலை. எந்த ஹைவே நம்பர்ல ஏறி, எந்த ஊர் வழியா, எந்தத் திசையில போறோம்னு மண்டைக்குள்ள ஒரு கோட்டுப் படம் வந்துடும். நடுவுல பெட்டி ஏதாவது கிறுக்குத்தனமா சொன்னா, "இல்லையே, நாம தெற்கேல்ல போகணும்"னு உங்களுக்கே உறைக்கும். காப்ரி போன ஜோடி இதை ஒரு தடவை செஞ்சிருந்தா, ஊர் கடலோரத்துல இல்லைன்னு கண்ணுல பட்டிருக்கும்.

3) பெரிய ஊர்ல ஊர் பேர், தெருப் பேரோட ஜிப் கோடையும் சேர்த்து அடிங்க. நம்மூர்ல எத்தனை புதூர், எத்தனை நல்லூரோ அத்தனை ஸ்பிரிங்ஃபீல்டு இங்கே. அட்லான்டாவுல பீச்ட்ரீங்கற பேரை வச்சிருக்கிற தெருக்களை எண்ணி முடியாது. பீச்ட்ரீ ஸ்ட்ரீட், பீச்ட்ரீ ரோடு, பீச்ட்ரீ சர்க்கிள்னு போய்க்கிட்டே இருக்கும். தேசியப் பூங்காக்கள் விஷயத்துல முகவரியையே நம்பாதீங்க. நூத்துக்கணக்கான சதுர மைல் பரப்புக்கு ஒரே முகவரின்னா, பெட்டி உங்களை எந்த மூலைக்குக் கொண்டு போகும்? பூங்காவோட தளத்துலேயே அச்சரேகை, தீர்க்கரேகை எண் போட்டிருப்பாங்க, இல்லேன்னா எந்த ஹைவேயில வரணும்னு எழுதியிருப்பாங்க. அதை எடுத்துக்கங்க.

4) பெட்டிக்கு உங்க வழிதான் வேணும்னா நடுவுல ஒரு ஊரை நிறுத்தமாப் போடுங்க. கடற்கரை ரோடு வழியாப் போகணும்னு ஆசை, பெட்டி ஹைவேயிலயே தள்ளுதுன்னா, கடற்கரையில ஒரு ஊரை இடையில சேர்த்துட்டா முடிஞ்சுது. அதோட சண்டை போட வேண்டியதில்லை.

5) "வீடு"ங்கற இடத்துல உங்க வீட்டு முகவரியைப் போடாதீங்க. பக்கத்துத் தெரு லைப்ரரியையோ பெட்ரோல் பங்க்கையோ போடுங்க. காரைத் திருடறவனுக்கு வீட்டுக்கும் வழி காட்ட வேணாம். கராஜ் கதவு ரிமோட் வேற கார்லயே இருக்கும். வாடகைப் பெட்டியைத் திருப்பிக் குடுக்கும்போதும் போன இடமெல்லாம் அழிச்சுட்டுக் குடுங்க. கார நிறுத்தும்போது பெட்டியை மட்டும் எடுத்து ஒளிச்சு வச்சா பத்தாது, கண்ணாடியில ஒட்டுற ரப்பரோட வட்ட அடையாளத்தையும் துடைச்சுடுங்க.

6) எங்கே ஒட்டறதுங்கறதுக்கும் சட்டம் இருக்கு. கலிஃபோர்னியாவுல 2009 ஜனவரிக்கு முன்னாடி முன் கண்ணாடியில ஒட்டவே கூடாது. இப்போ கண்ணாடியோட கீழ் மூலைகள்ல குறிப்பிட்ட அளவு இடத்துக்குள்ள ஒட்டலாம். மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பார்த்துக்கங்க. ஏர்பேக் வெடிச்சு வர்ற வழியில மட்டும் எந்த ஊர்லயும் வைக்காதீங்க.

7) வண்டி ஓடும்போது ஓட்டறவர் பெட்டியைத் தொடக்கூடாது. எங்க வீட்ல இது சட்டம். பக்கத்து சீட்ல உட்கார்ற தங்கமணிதான் கேப்டன், நான் வெறும் டிரைவர். தனியாப் போனா, கிளம்பறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அடிச்சு முடிச்சுட்டுத்தான் கியரைத் தொடணும்.

8) வருஷத்துக்கு ஒரு தடவையாவது யூஎஸ்பி ஒயர்ல கம்ப்யூட்டரோட இணைச்சு மேப்பைப் புதுப்பிங்க. பழைய பெட்டியில இடம் பத்தலைன்னு அழும். முழு வட அமெரிக்காவையும் ஏத்தாம, நீங்க ஓட்டற பகுதியை மட்டும் ஏத்தற வசதி இருந்தா அதைப் பண்ணுங்க. மேப்போட உள்மென்பொருளையும் புதுப்பிச்சுடுங்க. அதுக்குக் காரணம் இருக்கு. ஜிபிஎஸ் சிக்னல்ல வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒரு தடவை மறுபடி பூஜ்யத்துக்கு வந்துடும். கடைசியா வந்தது 2019 ஏப்ரல் 6 ராத்திரி. அதுக்கு முன்னாடி செஞ்ச பெட்டி, புதுப்பிக்காம இருந்தா, தேதியை சுமார் 20 வருஷம் பின்னாடி காட்டி உளறலாம். அடுத்தது 2038 நவம்பர்ல, அதுவரைக்கும் நிம்மதி.

அடுத்து, மலை காடுன்னு நடக்கிறவங்களோட கைப்பெட்டி. இதை வாங்கி வச்சுட்டு உயரம் மட்டும் பார்த்துக்கிட்டிருக்கிறவங்க நிறையப் பேர் இருக்காங்க.

மாசக்கணக்கா டிராயர்ல தூங்கின பெட்டியை எடுத்தா, முதல்ல வீட்டு வாசல்ல திறந்த வானத்துக்கு கீழே கால் மணி நேரம் சும்மா வைங்க. செயற்கைக்கோள்கள் எது எது எங்கே இருக்குங்கற முழு அட்டவணையும் வந்து சேர 12.5 நிமிஷம் ஆகும். இந்தியாவுல வாங்கி அமெரிக்காவுல திறந்தாலும் இதே கதைதான். மரத்தடியில நின்னுக்கிட்டு "சிக்னலே இல்லை, பெட்டி டப்பா"ன்னு திட்டாதீங்க.

நடக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கார் நிக்கிற இடத்தைக் குறிச்சுக்கங்க. வந்த தடத்தைப் பதிவு பண்ற வசதியை ஆன் பண்ணுங்க. என்னைக் கேட்டா கைப்பெட்டியோட தலையாய உபயோகமே இதுதான். இங்கே மேப்பே வேணாம், வழி சொல்றவரும் வேணாம். நீங்க ஏற்கனவே நடந்து வந்த பாதை, அதனால அங்கே தரை இருக்குங்கறது நிச்சயம். பனி மூட்டம் இறங்கினாலும் அதே தடத்துல திரும்பி வந்துடலாம். மூணு பேர்ல நம்பகமான அந்த முதல் ஆளை மட்டும் வச்சு வேலை வாங்கற முறை இது.

அம்புக்குறியைப் பத்தி ஒரு எச்சரிக்கை. "கார் 1.2 கிலோமீட்டர்"னு அம்பு காட்டினா அது நேர்கோட்டுத் தூரம். நடுவுல பள்ளத்தாக்கு இருக்கா, ஆறு இருக்கா, முந்நூறு அடி செங்குத்துப் பாறை இருக்கான்னு அம்புக்குத் தெரியாது. இருட்டப் போகுதேன்னு பயத்துல அம்பு காட்டற திசையில குறுக்கே இறங்கறதுதான் பெரிய ஆபத்து. சுத்துப் பாதையா இருந்தாலும் வந்த தடத்துலேயே போங்க.

எண்ணை மாத்தி எழுதறதும் நிறைய நடக்குது. அச்சரேகையை 36.30 டிகிரின்னும் எழுதலாம், 36 டிகிரி 30 நிமிஷம்னும் எழுதலாம். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனா 30 நிமிஷம்னா அரை டிகிரி, அதாவது 36.50. ரெண்டுக்கும் வித்தியாசம் 22 கிலோமீட்டர். ஆபத்துல மாட்டி போன்ல இடத்தைச் சொல்லும்போது, எந்த முறைன்னு சேர்த்துச் சொல்லணும். கூட வர்றவங்க எல்லாரும் ஒரே முறையில பெட்டியை வச்சுக்கறது உத்தமம். பழைய காகித வரைபடத்தோட சேர்த்துப் பார்க்கறவங்க அதோட ஓரத்துல எந்த அளவை அடிப்படைன்னு போட்டிருக்குன்னு பாருங்க. பழைய அமெரிக்க அரசு வரைபடங்கள் நேட் 27, பெட்டி வழக்கமா டபிள்யூஜிஎஸ் 84. மேற்கு அமெரிக்காவுல ரெண்டுக்கும் நூறு மீட்டர் அளவுக்குக் கூட வித்தியாசம் வரும். மலை விளிம்புல நூறு மீட்டர் சின்ன விஷயம் இல்லை.

பேட்டரி மாத்தினா மின்னணு திசைகாட்டியை மறுபடி சரி பண்ணிக்கங்க. குளிர்ல சாதாரண அல்கலைன் பேட்டரி சீக்கிரம் படுத்துடும், லித்தியம் டபுள்-ஏ தாக்குப் பிடிக்கும். எந்த வகை பேட்டரின்னு மெனுவுலயும் சொல்லிடுங்க, இல்லேன்னா மிச்சக் கணக்கைத் தப்பாக் காட்டும். மேப்புக்குத் தனியா காசு குடுக்க மனசு வரலைன்னா, 2004ல ஆரம்பிச்ச ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்லேர்ந்து செஞ்ச இலவச மேப்புகளைப் பல பெட்டிகள்ல ஏத்திக்கலாம். ஊர் மக்களே சேர்ந்து வரையறது. உங்க ஊர் ஒத்தையடிப் பாதை அதுல இல்லேன்னா நீங்களே வரைஞ்சு சேர்க்கலாம்.

இப்போ அந்த முதல் கேள்விக்கு வர்றேன். போன் போதாதா?

ஒரு தப்பான நம்பிக்கையை முதல்ல உடைச்சுடறேன். டவர் சிக்னல் இல்லேன்னா போன்ல ஜிபிஎஸ் வேலை செய்யாதுன்னு நிறையப் பேர் நினைக்கிறாங்க. வேலை செய்யும். போனுக்குள்ளயும் அதே மாதிரி கேக்கற சில்லுதான் இருக்கு, டவர் இருந்தா கொஞ்சம் சீக்கிரம் இடத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். டவர் இல்லாத இடத்துல வராம போறது மேப். நீலப் புள்ளி சரியான இடத்துலதான் இருக்கும், சுத்தி வெறும் சாம்பல் கட்டம். அதனால வீட்டு வைஃபையிலயே போற பகுதி மேப்பை இறக்கி வச்சுட்டீங்கன்னா போனும் ஒரு முழு ஜிபிஎஸ் பெட்டிதான். நகரத்துக்குள்ள ஓட்ட, டிராஃபிக் பார்க்க, போனை அடிச்சுக்க எதுவும் இல்லை. இதுல நான் விவாதமே பண்ண மாட்டேன்.

ஆனா போன்ல வேற ஆயிரம் வேலை இருக்கு. பேசணும், படம் எடுக்கணும், பசங்க பின் சீட்ல அழுதா வீடியோ போடணும். வெயில்ல டாஷ்போர்டுல வச்சா சூடாகி அணைஞ்சு போகுது. சாயங்காலம் நாலு மணிக்கு பேட்டரி பத்து சதவீதத்துல நிக்கும்போது, அது வழி காட்டறதா இல்லை 911 கூப்பிடறதா? எனக்கு அந்த ரெண்டையும் ஒரே பேட்டரியில தொங்க விட இஷ்டம் இல்லை. தனிப்பெட்டி வச்சிருக்கறதுக்கு என் காரணம் இவ்வளவுதான். பெட்டி வழி பார்த்துக்கட்டும், போன் உயிரோட இருக்கட்டும்.

அதோட கையுறைப் பெட்டியில ஒரு காகித மேப். சிரிக்காதீங்க. பெட்டியை விட மேப் உசத்தின்னு சொல்ல வரலை, அதுவும் மனுஷன் போட்டதுதான், அதுலயும் தப்பு உண்டு. ஆனா ரெண்டும் ஒரே தப்பைச் செய்யறது அபூர்வம். ரெண்டும் ஒத்துப் போனா தைரியமாப் போங்க. ஒத்துப் போகலைன்னா நிறுத்தி யாரையாவது கேளுங்க.

என் கருத்தை எதிர்க்கிறவங்க சொல்றது எனக்குத் தெரியும். "இவ்வளவு யோசிக்கணும்னா அப்புறம் எதுக்கு மெஷின்? யோசிக்காம போறதுக்குத்தானே வாங்கறோம்?" நியாயமான கேள்விதான். வீட்லேர்ந்து ஆபீஸ், ஆபீஸ்லேர்ந்து மளிகைக்கடை வரைக்கும் யோசிக்காமலே போங்க, ஒண்ணும் ஆகாது. தப்பாத் திரும்பினா அஞ்சு நிமிஷம் நஷ்டம். ஆனா தார் ரோடு முடிஞ்சு மண் ரோடு ஆரம்பிக்கிற அந்த இடத்துல கணக்கு மாறிடுது. அங்கே தப்பாத் திரும்பினா எவ்வளவு நஷ்டம்னு மேலே எழுதியிருக்கேன். அந்த ஒரு இடத்துல மட்டும் வண்டியை நிறுத்தி, தண்ணி எவ்வளவு இருக்கு, பெட்ரோல் எவ்வளவு இருக்கு, கடைசியா எப்போ எதிர்ல ஒரு வண்டி வந்துச்சுன்னு மூணு கேள்வி கேட்டுப் பாருங்க. பதில் பிடிக்கலைன்னா வந்த வழியே திரும்பிடுங்க. "ரீகால்குலேட்டிங்"னு அந்த அம்மா நாலு தடவை முணுமுணுப்பாங்க. முணுமுணுக்கட்டும், கோவிச்சுக்கத் தெரியாத ஜென்மம்.

கொசுறு: ஊர்லேர்ந்து அப்பா அம்மா வந்து உங்க கார்ல தனியா ஓட்டறாங்கன்னா, வீட்டுக்கு வர்ற வழியை ஹைவே நம்பர், எக்ஸிட் நம்பரோட ஒரு துண்டுச் சீட்டுல தமிழ்ல எழுதி சன்ஷேடுக்குப் பின்னாடி செருகி வைங்க. பேட்டரியும் வேணாம், புதுப்பிக்கவும் வேணாம்.

உங்க பெட்டி உங்களை எங்கேயெல்லாம் கூட்டிட்டுப் போச்சுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. செட்டிங் சந்தேகம் இருந்தாலும் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.